எழுநூற்று மூன்றாவது தாள்

ஜூன் 3, செவ்வாய்

எட்டுத் தாள் முடிந்தது. 212 முதல் 219 வரை. மொத்தம் 720 வேண்டும்.

புது நோட்டு என்பதால் ஒரே ஒரு தடவை முழுசாக எழுதிவைக்கிறேன். கையால் வரைகிற அனிமேஷன் படம், ஆறு நிமிஷம். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது, அதற்கு நாலு வருஷம் ஆனது. பாக்கி இருப்பது கடைசி ஒரு நிமிஷம். ஒருத்தி வீட்டைப் பூட்டிவிட்டு ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. யாரும் அவளைத் துரத்தவில்லை, யாரும் அங்கே காத்திருக்கவும் இல்லை. வினாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம் ஒரு நிமிஷத்துக்கு எழுநூற்று இருபது. எல்லாம் பென்சில், எல்லாம் என் கை.

சென்னையில் பதினோரு வருஷம் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு நடுப்படம் நிரப்பிக்கொடுத்தேன். எவனோ ஒருவன் கரடி கையைத் தூக்குகிற படத்தையும் இறக்குகிற படத்தையும் போட்டு அனுப்புவான். இடையில் உள்ள பதினைந்தும் என் தலையில். கரடி அவனுடையது, முதுகுவலி என்னுடையது. அதனால்தான் இவளை மட்டும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை வரிசையாக நானே வரைந்துகொண்டு போகிறேன். இவளை அக்கரை சேர்த்துவிட்டால் போதும். அப்புறம் ஊறுகாய் போட்டு விற்றுக்கூடப் பிழைத்துக்கொள்வேன்.

ஜூன் 8, ஞாயிறு

இவருக்கு இன்று லீவு. என் வீட்டுக்காரர், பேர் நயினார், ஜங்ஷனில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்கு, ஒரு நாள் எனக்கு.

காலை ஆறு மணிக்கே பாலத்துக்குப் போய்விட்டோம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று நடப்பவர்களை வரைந்தேன். சைக்கிளில் கேஸ் சிலிண்டரைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர், குளித்த தலையோடு கோயிலுக்கு ஓடிய இரண்டு பெண்கள், சும்மாவே கோபமாக நடந்த ஒரு போலீஸ்காரர். பிறகு படத்தில் வரும் நடைக்காக நானே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன், இவர் போனில் படம் பிடித்தார். கேமரா முன்னால் நடக்கச் சொன்னால் எவளுக்கும் நடை மறந்துபோகும்.

செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறேனாம். செருப்பு பழசு என்றேன். வரும் வழியில் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டோம். டீக்கடை வடை நன்றாக இல்லை, எண்ணெயைப் பிழிந்தால் விளக்கேற்றலாம்.

ஜூன் 12, வியாழன்

இவர் எடுத்த வீடியோவை லேப்டாப்பில் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்து நடையைக் குறித்துக்கொண்டேன். என் இடது கை ஒழுங்காக வீசுகிறது. வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பையைத் தூக்கிப்போவது மாதிரி அப்படியே இருக்கிறது. கேமராவைக் கண்ட கூச்சம்தான், வேறென்ன. நடையின் பாலபாடமே இடது கால் முன்னே போனால் வலது கை முன்னே வரும் என்பதுதானே. வீடியோவை நம்பாமல் பாடத்தை நம்பி வலது கையை வீசவைத்தேன். 280 வரை வந்தாயிற்று. நடை ஜோராக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. தெருமுனைக்கே வாசம் வந்ததாம் இவருக்கு. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஏழு தாள்.

ஜூலை 2, புதன்

நான் எழுதிக்கொடுத்த சீட்டை மளிகைக் கடை அண்ணாச்சி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, உங்க வீட்டுக்காரர் கடைக்கு ஆள் பிடிக்க இப்படிப் பொடி எழுத்தா எழுதுதியளோ என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். உளுந்து கேட்டதற்குக் கடுகு வந்திருக்கிறது.

இந்த நோட்டிலும் கவனித்தேன். ஒரு கோட்டுக்கு இரண்டு வரி அடங்குகிறது. நல்லதுதான், வருஷம் முழுக்க ஒரே நோட்டில் ஓட்டிவிடலாம்.

ஜூலை 15, செவ்வாய்

வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று அளவு. பழைய கையெழுத்துக்குக் கீழே புதியதைப் பார்த்தால் தாயும் பிள்ளையும் மாதிரி இருந்தது. கடைசியில் ஆதார் அட்டையைக் காட்டி என்னை நானென்று நிரூபித்துவிட்டு வந்தேன். பேனா சரியில்லை. அந்தச் சங்கிலி கட்டிய பேனாவில் யார் கையெழுத்துத்தான் நன்றாக வரும்.

ஜூலை 27, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் வரைந்தோம். வரைந்தேன் என்று சொல்ல வேண்டும், இவர் பேப்பர் படித்தார். முன்பெல்லாம் நோட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் வருவார்கள். இன்று எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர். நுங்கு விற்கிற அம்மாள் தன் படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "என்ன தாயி, என்னைய எறும்பு கணக்கா வரைஞ்சிருக்க" என்றார். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு முன்பக்கங்களையும் திருப்பிப் பார்த்தார்.

திரும்பும்போது என் வலது பக்கமாக நடந்துவந்தார். எப்போதும் இடது பக்கம்தான் வருவார்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று 560 முடிந்தது. முதலிலிருந்து எல்லாத் தாள்களையும் படமெடுத்து ஓட்டிப் பார்த்தேன்.

அவள் சிறுத்துக்கொண்டே போகிறாள். 200 வரை நிமிர்ந்து தாளை நிறைத்து நடக்கிறாள். முந்நூறில் பாலத்தின் கைப்பிடி அவள் இடுப்புக்கு வருகிறது, நானூறில் மார்புக்கு. 560ல் கைப்பிடிக்கு மேல் அவளுடைய கொண்டை மட்டும் தெரிகிறது.

இது இந்த வேலையில் எல்லாருக்கும் நடப்பதுதான். வரிசையாக வரைந்துகொண்டு போகிறவர்கள் முந்தைய தாளை மட்டும் அடியில் வைத்துத்தான் வரைவோம். ஒரு தாளில் மயிரிழை குறைந்தால் அடுத்த தாளில் இரண்டு மயிரிழை குறையும். அளவுக்கோடு போட்டுக்கொள்ளாதது என் தப்பு. முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. வெட்கமாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெளியே போகவில்லை. தலைக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொண்டு 561ஐ வரைந்தேன். மேல்கோட்டில் தலையைத் தொடங்குகிறேன், கால் கீழ்க்கோட்டுக்கு வந்துசேரவில்லை. நடுவிலேயே தரை தட்டிவிடுகிறாள். ஒன்பது தடவை.

தாளுக்கு அடியில் எரிகிற லைட் பாக்ஸின் ட்யூப் லைட் மங்கியிருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திட்டு வாங்கிக்கொள்ளத்தான் இதுவரை வரைந்ததைப் பத்மஜாவுக்கு அனுப்பினேன். என்னோடு படித்தவள், கோயம்புத்தூரில் வருஷா வருஷம் டிசம்பரில் சின்ன அனிமேஷன் விழா நடத்துகிறாள். தொழில் தெரிந்தவள், வாயும் உண்டு.

போன் வந்தது. அழுதிருப்பாள் போலிருந்தது. நடக்க நடக்க அவள் சிறுத்துப்போவதைப்போல ஒன்றை இதுவரை பார்த்ததில்லையாம். எப்படித் திட்டமிட்டேன், எந்தக் கணக்கில் குறைத்தேன் என்று கேட்டாள். டிசம்பர் விழாவில் கடைசிப் படமாகப் போடுகிறாளாம். இப்படியே சிறுத்துச் சிறுத்து அக்கரையில் ஒரு கடுகளவாக அவள் ஏற வேண்டுமாம்.

திட்டமிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இருபது வருஷத்தில் இந்தத் தொழிலில் என்னை ஒருத்தர் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 30, சனி

இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தார். கடைக்குக் கண் பரிசோதிக்க வரும் டாக்டரிடம் அந்தப் பாலத்து வீடியோவைக் காட்டினாராம். என்னைக் கேட்காமல் எப்படிக் காட்டலாம் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் அன்னைக்கே பாத்தேன் உலகு. சொல்லப் பயந்துக்கிட்டு வச்சிருந்தேன். நரம்பு டாக்டர்ட்ட ஒருதடவ காமிச்சிருவோம்" என்றார்.

கூச்சத்தில் நடந்த நடை அது என்றேன். சரி, கூச்சம்னே இருக்கட்டும், வா என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

டாக்டர் இளவயசு. ஒரு தாளைக் கொடுத்து, என் பெயரை ஐந்து தடவை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னார். உலகம்மை, உலகம்மை என்று எழுதினேன். ஐந்தாவது உலகம்மையை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நத்தைச் சுருள் வரையச் சொன்னார். அதையாவது அழகாக வரைவோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். டாக்டர் என் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வீடியோவில் எதைப் பிழை என்று திருத்தினேனோ அதைத்தான் அவர் பார்த்தார்.

பார்க்கின்சன். நாற்பத்து நாலு வயசில் வருமா என்றால் வருமாம். நடுக்கமே இல்லையே என்றால் எல்லாருக்கும் நடுங்க வேண்டும் என்று இல்லையாம். எழுத்து சிறுத்துப்போவதுதான் பல பேருக்கு முதலில் தெரியுமாம். நல்ல மாத்திரை இருக்கிறது, நல்ல வருஷங்கள் இருக்கின்றன, முழுசாகக் குணமாகாது என்று மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். படிக்கட்டில் இறங்கும்போது இவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

இதுவரை 604.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு தாளும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

மாத்திரை பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கெல்லாம் கை யாரோ பூட்டைத் திறந்துவிட்ட மாதிரி விரிகிறது. 605ஐ வரைந்தேன். தலை மேல்கோட்டில், பாதம் கீழ்க்கோட்டில். கோடு வழுக்கிக்கொண்டு போனது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

பிறகு 604க்கு அடுத்து 605ஐ வைத்துப் புரட்டினேன். விரல் அளவில் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று ஊதிய பலூன் மாதிரி தாள் முழுக்க எழுந்து நிற்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன். இருநூறிலிருந்து எல்லாவற்றையும் சரியான அளவில் திரும்ப வரையலாம். ஐந்நூறு தாளுக்குமேல் வரும். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். அடுத்த வருஷம் இது என்ன கையாக இருக்கும் என்று டாக்டரே சொல்லவில்லை. அதை நம்பி இருக்கிற தாள்களைக் கிழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பெரிதாக வரைந்து ஜெராக்ஸ் கடையில் சின்னதாக்கலாமே என்று இவர் கேட்டார். நல்ல யோசனைதான், செய்து பார்த்தேன். அளவு பொருந்துகிறது, கோடு பொருந்தவில்லை. சின்னதாக்கினாலும் அது உடம்பு நன்றாக இருக்கிற ஒருத்தி போட்ட கோடு. கையை வேண்டுமென்றே இறுக்கிக்கொண்டு சின்னதாக வரைந்தும் பார்த்தேன். பதினோரு வருஷம் ஊரார் கோட்டையெல்லாம் அச்சு அசலாகப் போலி செய்தவள் நான். என் நோயைப் போலி செய்ய வரவில்லை.

116 பாக்கி.

அக்டோபர் 6, திங்கள்

காலை மாத்திரையை வாயில் போடவில்லை. இவர் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது பென்சில் டப்பாவுக்குள் போட்டேன். 605 முதல் 612. பொருந்துகிறது.

அக்டோபர் 9, வியாழன்

635. டப்பாவில் மாத்திரைகள் சேர்கின்றன. மதியத்துக்குமேல் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை. நைட்டி போட்டுக்கொண்டேன். இவர் கேட்டதற்குப் புழுக்கம் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

670. அவள் இப்போது புளியங்கொட்டை அளவு. கண் மூக்கு வரைய இடமில்லை, நடை மட்டும்தான். அந்த நடை அவ்வளவு உண்மையாக இருக்கிறது. என் வாழ்நாளில் இதைவிட நன்றாக நான் எதையும் வரைந்ததில்லை. இதை இவரிடம் சொல்ல முடியவில்லை என்பதுதான் கஷ்டம்.

அக்டோபர் 18, சனி

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

703ஐ முடித்தபோது மணி நாலு. 704க்குத் தாளைப் பொருத்தி பென்சிலை வைத்தேன். கை கிளம்பவில்லை. சரி, எழுந்து டீ போடலாம் என்றால் காலும் கிளம்பவில்லை. பாதம் இரண்டையும் தரையில் ஒட்டிவைத்ததுபோல இருந்தது. போன் சமையலறையில் அடித்தது, நின்றது, அடித்தது. உட்கார்ந்தே இருந்தேன். நைட்டி நனைந்தது. இவர் ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினார், பிறகு சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தார்.

என்னைத் தூக்கிக் கழுவி வேறு துணி மாற்றிவிட்டார். மாத்திரையைத் தேடும்போது பென்சில் டப்பாவைத் திறந்தார். எண்ணவில்லை. ஒன்றை எடுத்து என் நாக்கில் வைத்துவிட்டு, அது வேலை செய்யும்வரை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"அந்தப் பொம்பள அக்கரைக்குப் போனா என்ன, போகாட்டி என்ன" என்றார். "எனக்கு நீ அடுப்படில இருந்து வாசலுக்கு வந்தாப் போதும் உலகு."

இன்னும் பதினேழு தாள்தான், இரண்டு நாள் வேலை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இனி மாத்திரையை விடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. செய்துகொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவரோடு பேசவில்லை. இவரைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. மாத்திரை மூன்று வேளையும் போட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மாத்திரையோடு பதினான்கு நாள் முயன்றேன். 704 மட்டும் நாற்பது தடவை. எல்லாவற்றையும் கிழித்தேன். என் கை குணமாக இருக்கிறது, அவளுக்கு உதவவில்லை.

பத்மஜா போனில் கேட்டுவிட்டு, பதினேழுதானே, என்னிடம் வேலை கற்கிற பிள்ளைகள் ஒரு மத்தியானத்தில் போட்டுவிடுவார்கள் என்றாள். நடுப்படம் நிரப்ப ஆள் தருகிறாள். வேண்டாம் என்றேன். இருப்பதை இருக்கிறபடி அனுப்பிவைத்தேன். முடிவு இதுதானா என்று கேட்டாள். இதுதான் என்று சொன்னேன்.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று விழா. ஒரு கல்லூரியின் சின்ன அரங்கம், எழுபது எண்பது பேர் இருந்தார்கள். காலையில் ஒரே காட்சிதான், எங்கள் படம் கடைசி. இவருக்கு வெள்ளைச் சட்டை, எனக்கு ஊக்கு வேண்டாத மாதிரி தைத்த ஜாக்கெட்.

திரையில் அவள் நடந்தாள். சிறுத்தாள். பாலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அக்கரை நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றாள். பத்மஜா அந்தக் கடைசித் தாளை நாலு வினாடி நிறுத்திவைத்திருந்தாள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் எத்தனையோ வருஷமாக இந்தச் சத்தத்தைக் கற்பனை செய்திருக்கிறேன். கேட்டபோது ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் கரை சேராமல் நடுவிலேயே நிற்பது எவ்வளவு துணிச்சலான முடிவு, அதை எப்போது தீர்மானித்தீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்டோபரில் என்றேன். சிரித்தார்கள், மறுபடியும் தட்டினார்கள். இவர் தட்டவில்லை. முதல் வரிசையில் தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தாராபுரம் தாண்டி, வெளியே காற்றாலைகளாக வந்துகொண்டிருந்தன.

"இன்னும் பதினேழுதான இருந்துச்சு" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஆமா என்றேன். பரவாயில்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவர் எதிர்பார்த்தார், எனக்கும் தெரிந்தது. சொல்ல வரவில்லை. மணி நாலு ஆகிறது என்று அவரே பையைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினார். வாங்கி விழுங்கினேன்.